அறுபது வயதுப் பயனாளி

வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன்பு, மூத்தவள் முதல்முறையாகப் பேசினாள்.

இழப்பீட்டு மன்றத்தின் மாடியில் ஜன்னல் இல்லாத அறை. மேசைமேல் சிறிய ஒலிபெருக்கி. தாரணி அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் பூபதி நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

"அங்க வெயில் சாஸ்தியா இருக்குதா?" என்றது குரல்.

தாரணியின் குரல்தான். கொஞ்சம் தடித்திருந்தது. அவசரம் இல்லாமல் இருந்தது.

தாரணி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"பேசும்மா" என்றார் வக்கீல் ஹேமலதா. "அது நீதான். அறுபது வயசுல."

"என்னத்தப் பேசறதுங்க?"

"எதையாவது பேசு."

தாரணி மேசைப் பக்கம் குனிந்தாள். "நல்லா இருக்கறீங்களா?"

"உனக்கு நீயே 'ங்க' போட்டுக்குவியா?" என்றாள் மூத்தவள்.

பூபதிக்கும் சிரிப்பு வந்தது. "ஏனுங்க, அங்க நான் இருக்கறனா?" என்று கேட்டான்.

"அதையெல்லாம் சொல்லக் கூடாதுன்னு இருக்குதுங்க மாமா."

"தொப்பை போட்டிருக்குதா?"

"அது போடாம இருக்குமா?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஒலிபெருக்கியைப் பொருத்த வந்த இளைஞனும் சிரித்தான். அவன் நம்பகம் என்ற நிதி நிர்வாக நிறுவனத்தின் ஆள். குரல் தெளிவாக இருக்கிறதா என்று கேட்டான். "பதிவுல ஒரு விசில் சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. கழிச்சு எடுத்துட்டோம்."

"அது என்ற மூச்சுங்க" என்றாள் தாரணி.

"இப்ப சுத்தமா இருக்கு" என்றான் அவன். ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான்.

தாரணி வேலை செய்த சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் ஈரத்துணி பிரிக்கும் இடத்தில் நின்றிருந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் இறந்தார்கள். அவள் சாய ஆவியை நெஞ்சு நிறைய இழுத்தாள், ஆனால் பிழைத்தாள். பட்டறை முதலாளி வழக்கை இழுத்தடித்தார். கடைசியில் தோற்றார். தீர்ப்பில் எழுதிய தொகையைக் கேட்டபோது பூபதிக்கு அது பணம் என்றே தோன்றவில்லை. அவன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கடைசி வரை துணி வெட்டினாலும் அந்தத் தொகை சேராது.

ஆனால் அது கைக்கு வராது. தீர்ப்பு வந்த அன்றே, மன்றத்துக்கு வெளியே பேக்கரியில், வக்கீல் அதை விளக்கினார்.

"கைல குடுத்தா என்ன ஆகுதுன்னு கோர்ட்டுக்குத் தெரியும். அண்ணன் வருவான், மச்சான் வருவான். அடுத்த தீபாவளிக்கு ஒண்ணும் இருக்காது. பேங்க்ல போட்டு வெச்சா புருஷன் எடுத்துடறான்."

"நான் எடுக்க மாட்டனுங்க" என்றான் பூபதி.

"எல்லாப் புருஷனும் இதே பெஞ்சுல உட்கார்ந்து இதைத்தான் சொன்னாங்க. டீயைக் குடி. பாத்துக்கறதுக்குன்னு தனியா ஒரு ஆளைப் போட்டா அவன் தின்னுடறான். அதனால இப்ப வேற ஏற்பாடு. உன் பணத்து மேல உன்னைவிட யாருக்கு அக்கறை? வயசான உனக்குத்தான்."

"எனக்கு இன்னும் வயசாகலீங்களே" என்றாள் தாரணி.

"ஆக்கிடுவாங்க. உட்கார வெச்சுக் கேள்வி கேப்பாங்க. எப்படிச் செலவு பண்ணுவே, எதுக்குப் பயப்படுவே, யாருக்கு இரங்குவே, எல்லாம். உன் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் சேத்துப்பாங்க. அதுல இருந்து அறுபது வயசு தாரணியைச் செய்வாங்க. பணம் அவ பேர்ல இருக்கும். சட்டப்படி அவதான் பயனாளி. மாசாமாசம் உனக்குச் செலவுக்குக் குடுப்பா. பெரிய செலவுன்னா அவளைக் கேக்கணும்."

"குடுக்க மாட்டேன்னுட்டா?"

"உனக்கு நீயே குடுக்க மாட்டியா?"

தாரணி யோசித்தாள். அதில் தவறு எதுவும் தெரியவில்லை.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க" என்றார் வக்கீல். "கேள்வி கேக்கறது மெஷின். ஆனா தாசில்தார் முன்னாடி நிக்கற மாதிரி பேசு. ஊதாரின்னு தெரிஞ்சா அப்பீல்ல தொகையைக் குறைச்சிருவாங்க. பட்டறைக்காரன் வக்கீல் அதுக்குத்தான் காத்திருக்கான்."

தாரணி நன்றாகப் பேசினாள். ரேஷன் கார்டுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் அவள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசிப் பழகியிருந்தார்கள். கேட்பவர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அதைச் சொல்ல வேண்டும். கண்ணைப் பார்க்கக் கூடாது. இழுக்காமல் சொல்ல வேண்டும்.

அண்ணன் பணம் கேட்டால்?

கொடுக்க மாட்டேன்.

கணவருக்கு உடம்பு முடியாமல் போனால்?

அரசாங்க ஆஸ்பத்திரி இருக்குதுங்க.

உங்களுக்கே முடியாமல் போனால்?

பொறுத்துக்குவனுங்க. அந்தப் பணத்துல கை வெக்க மாட்டேன்.

வெளியே வந்து பூபதியிடம் சொன்னாள்: "உள்ள ஒரு கஞ்சப்பிசினாறியை உட்கார வெச்சுட்டு வந்திருக்கறேன் மாமா. எனக்கே அவளைப் பார்த்தா பயமா இருக்குது."

*

அவர்கள் இருந்தது லைன் வீடு. வரிசையாகப் பத்து வாசல், ஒரே தண்ணீர்த்தொட்டி. மூத்தவளைப் பற்றி வரிசை முழுக்கத் தெரிந்திருந்தது.

"பூபதிக்கு ரெண்டு பொண்டாட்டி" என்பாள் பக்கத்து வீட்டு ஜோதிமணி. "பீரோ சாவி மூத்தவகிட்ட. இளையவ பாத்திரம் கழுவறா."

"மூத்தவ சோறாக்க மாட்டாளுங்க்கா" என்பாள் தாரணி. "அதனாலதான் என்னைய வெச்சிருக்கறாரு."

மாதம் பிறந்தால் பணம் வந்தது. வாடகைக்கும் அரிசிக்கும் மாத்திரைக்கும் சரியாக இருந்தது. மிச்சம் இருக்காது. மூத்தவள் வாரத்துக்கு ஒருமுறை போனில் கூப்பிட்டாள். வெங்காயம் என்ன விலை, கேஸ் எப்போது தீர்ந்தது என்று கேட்டாள். சில சமயம் தாரணியே கூப்பிட்டாள். சமைத்துக்கொண்டே பேசுவாள். இருவருக்கும் ஒரே இடத்தில் சிரிப்பு வரும். பூபதி அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாரணியின் அண்ணன் லோகநாதன் வந்தான். பொண்டாட்டியோடும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் வந்தான். பல்லடத்தில் பவர்லூம் ஷெட் ஒன்று லீசுக்கு வருகிறது என்றான். முன்பணம் கட்ட வேண்டும். அம்மா இருந்திருந்தால் தாரணியே முன்வந்து கொடுத்திருப்பாள் என்றான். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

தாரணி போனை எடுத்து நடுவில் வைத்தாள்.

"லோகு அண்ணா" என்றாள் மூத்தவள். "அம்மாளோட தாலிக்கொடியை அடமானம் வெச்சீங்களே, மீட்டீங்களா?"

லோகநாதன் போனைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். "இதுகிட்ட என்ன பேச்சு? நான் உன்கிட்டப் பேசறேன்."

"என்கிட்டத்தான் அண்ணா பேசறீங்க" என்றாள் மூத்தவள்.

அவர்கள் காப்பி குடிக்காமல் போனார்கள். தாரணி வாழைப்பழத்தை உரித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"நானா இருந்தா குடுத்திருப்பேன் மாமா."

"நீதான் பேசினே."

"ஆமா" என்றாள். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு மூத்தவளை அவளுக்குப் பிடித்தது.

*

அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர்த்தொட்டிக்குப் போய்வருவதே அவளுக்குப் பெரிய வேலையாயிற்று. குடத்தைப் பாதி வழியில் இறக்கி வைத்தாள். பிறகு குடத்தைப் பூபதி எடுத்தான். பிறகு அவள் உட்கார்ந்தே தூங்கினாள்.

கோயம்புத்தூர் டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கின்முன் பிடித்துக் காட்டினார். வெள்ளையாக இருந்த இடங்கள் காற்று போகாத இடங்கள் என்றார். வெள்ளைதான் அதிகம் இருந்தது.

"சரி பண்ணலாம்" என்றார். "இவங்க செல்லையே எடுத்துப் புது நுரையீரல் வளர்க்கறோம். வளர்ந்ததும் மாத்திடலாம். பத்து வருஷம் முன்னாடி இது இல்லை. இப்ப நல்லா வருது."

"அரசாங்கக் காப்பீட்டுல வருமுங்களா?"

"இது வராது."

செலவைச் சொன்னார். மூத்தவளிடம் இருப்பதில் பாதி.

"எப்பப் பண்ணணுமுங்க?"

"வளர்க்கவே நாளாகும். சித்திரைக்குள்ள மாத்திடணும்."

"அதுக்குமேல போனா?"

டாக்டர் படத்தை உறையில் போட்டார்.

ஆஸ்பத்திரிக் கேன்டீனில் உட்கார்ந்து தாரணி மூத்தவளைக் கூப்பிட்டாள். பூபதியும் கேட்கட்டும் என்று போனை மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு ஆபரேஷன் பண்ணணுமாம்."

"எனக்கா?"

"எனக்கு."

"என்னத்துக்கு?"

"நெஞ்சு போச்சாம். மாத்தணுமாம்."

"காலையில மாடிப்படி ஏறினேன். ஒண்ணும் பண்ணலையே."

"அது நீ."

"நான் வேற யாரு?"

தாரணி மூச்சு வாங்கினாள். "பண்ணலைன்னா செத்துப்போயிருவேன்னு சொல்றாங்க."

"நீ செத்திருந்தா நான் எப்படி இருப்பேன்?"

பக்கத்து மேசையில் யாரோ தோசையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கல் சூடு போதவில்லையாம். பூபதி போனை எடுத்துக் காதில் வைத்தான். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

"தாரணி" என்றான். "நான் படத்தைப் பார்த்தேன். பாதிக்குமேல வெள்ளையா இருக்குது."

"டாக்டருங்க பயமுறுத்தத்தானுங்க செய்வாங்க மாமா."

"அவளால படுக்க முடியறதில்லை."

"நான் படுத்துத்தானுங்க தூங்கறேன். என்ற நெஞ்சுல தழும்பு ஒண்ணும் இல்லீங்க மாமா. ஆபரேஷன் நடந்திருந்தா தழும்பு இருக்கோணுமில்ல? நடக்கல. நடக்காமயே அவ தேறிட்டா. அவகிட்டச் சொல்லுங்க. நான் இருக்கறேன்ல, அதைவிட என்ன வேணும்?"

பூபதி போனை வைத்தான்.

"என்னவாம்?" என்றாள் தாரணி. அவளுக்குக் கேட்டிருந்தது.

"நீ தேறிடுவியாம்."

தாரணி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "வக்கீலம்மாவைப் பார்க்கலாம்" என்றாள்.

*

வக்கீல் ஹேமலதாவுக்கு இப்போது சொந்த அலுவலகம் இருந்தது. கீழே கார் நின்றது. மூத்தவர்கள் கணக்கு ஒவ்வொன்றிலிருந்தும் அதை வாங்கிக்கொடுத்த வக்கீலுக்கு வருடந்தோறும் ஒரு பங்கு வந்தது. அதை அவர் மறைக்கவில்லை. காப்பி வரவழைத்தார்.

"அவங்களைத் திருத்தி எழுத முடியாதுங்களா?" என்று கேட்டான் பூபதி. "முன்னாடி உட்கார வெச்சுக் கேட்ட மாதிரி, இன்னொருக்கா கேக்கட்டும். இப்ப இருக்கற உடம்போட."

"மறுபதிவு. கேக்கலாம். ஆனா முதல் பதிவு தப்புன்னு காட்டணும். தாரணி அன்னைக்குச் சொன்னது பொய்ன்னு எழுதிக் குடுக்கணும். பொய்ன்னு எழுதின அன்னைக்கே பட்டறைக்காரன் அப்பீல் போவான். கோர்ட்டை ஏமாத்தி வாங்கின இழப்பீடும்பான். மொத்தமும் போகும்."

"நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க" என்றாள் தாரணி.

"நான் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லிக்குடுக்கறேன். எல்லா வக்கீலும் அதைத்தான் சொல்லிக்குடுக்கறாங்க." வக்கீல் காப்பியை ஆற்றினார். "அதனாலதான் எல்லா மூத்தவங்களும் ஒரே மாதிரி இருக்காங்க. ஒருத்தர்கூட இதுவரைக்கும் பெரிய செலவுக்கு ஒத்துக்கிட்டதில்லை. நம்பகத்துக்கு அது வசதி. பணம் வெளிய போனாத்தானே அவங்களுக்குக் குறையும்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

வக்கீல் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அவசர மனு ஒன்று போடலாம் என்றார். அதற்குப் பணம் வாங்கமாட்டேன் என்றார்.

மனு தை மாதம் விசாரணைக்கு வந்தது. நீதிபதி வயதானவர், பொறுமையானவர். டாக்டரின் படத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு மூத்தவளைப் பேசச் சொன்னார்.

"உங்க உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கறனுங்க. காலுதான் கொஞ்சம் வலிக்குது. வயசாச்சில்லீங்க."

நம்பகத்தின் வக்கீல் எழுந்தார். "பயனாளி நலமாக இருக்கிறார். அவர் சம்மதம் இல்லாமல் அவர் பணத்தை இன்னொருவரின் சிகிச்சைக்கு எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. எதற்காக இந்த ஏற்பாடு வந்தது என்பதை மன்றம் அறியும். பயனாளியை நெருங்கியவர்களிடமிருந்து காப்பாற்றுவதற்காக."

"மனுதாரர் ஏதாவது சொல்றாங்களா?" என்று கேட்டார் நீதிபதி.

தாரணி எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். மூச்சு வரவில்லை. நீதிபதி காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். விசில் சத்தம் மட்டும் கேட்டது.

"உட்காரும்மா" என்றார் நீதிபதி. அவர் குரலில் இரக்கம் இருந்தது. மூத்தவளின் விருப்பத்துக்கு விடப்படுகிறது என்று உத்தரவு எழுதினார்.

அவளுக்கு மூச்சு திரும்பியபோது அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

*

பூபதி தெரிந்த இடத்திலெல்லாம் கடன் கேட்டான். கம்பெனி முதலாளி கொஞ்சம் கொடுத்தார். வரிசை வீடுகளில் வசூல் செய்து ஜோதிமணி கொஞ்சம் கொடுத்தாள். லோகநாதனும் வந்தான். பவர்லூம் ஷெட்டை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அவன் கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் பூபதி பாக்கெட்டில் வைத்தான். எல்லாம் ஆக்சிஜன் மிஷின் வாடகைக்குச் சரியாக இருந்தது.

ஒரு மத்தியானம் தாரணி மிஷினின் குழாயை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு மூத்தவளைக் கூப்பிட்டாள். பூபதி அரிசி களைந்துகொண்டிருந்தான்.

"ஒண்ணு சொல்றேன், கேளு" என்றாள். "அன்னைக்கு நான் சொன்னது அத்தனையும் பொய்."

"எது?"

"கை வெக்க மாட்டேன்னது. பொறுத்துக்குவேன்னது. எனக்குப் பொறுத்துக்க முடியாது. எனக்குத் திருப்பதி போகணும். ஏசி வாங்கணும். அண்ணனுக்குக் குடுக்கணும். மாமாவுக்கு வண்டி வாங்கணும். நான் அப்படிப்பட்டவ."

"தெரியும்" என்றாள் மூத்தவள்.

"தெரியுமா?"

"என்கிட்டயே சொல்றியே. அன்னைக்கு அந்த ரூம்ல பயந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இல்லையா? பொய்தான் சொன்னேன். பொறவு அப்படியே இருந்துட்டேன். அப்படி இருந்ததாலதான் இன்னைக்கு யார் கைய எதிர்பாக்காம இருக்கறேன். நீயும் பொறுத்துக்க. நாள் ஓடிரும்."

"எப்படி இருக்குது அங்க?"

"நல்லா இருக்குது. அமைதியா இருக்குது."

தாரணி போனை வைத்தாள். குழாயை மறுபடி மூக்கில் சொருகிக்கொண்டாள். பேசும் அளவுக்குக் காற்று சேர நேரம் பிடித்தது.

"அவளுக்குக் கெட்ட எண்ணம் இல்லை மாமா."

பூபதி அரிசியை உலையில் போட்டான்.

"பொறாமையா இருக்குது" என்றாள். "எவ்வளவு நல்லா மூச்சு விடறா."

அதற்குப் பிறகு அவள் மூத்தவளைக் கூப்பிடவில்லை. மூத்தவள் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

தாரணி சித்திரையைப் பார்த்தாள். வைகாசியைப் பார்க்கவில்லை.

*

காரியம் முடிந்து பூபதி நம்பகம் அலுவலகத்துக்குப் போனான். வாரிசுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போயிருந்தான். கண்ணாடிக் கட்டடம். குளிர் அதிகம். சம்யுக்தா என்ற இளம்பெண் அவனை உள்ளே அழைத்து உட்காரச் சொன்னாள். வருத்தம் தெரிவித்தாள். தண்ணீர் கொடுத்தாள். சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இது இங்க செல்லாதுங்க சார்."

"என்ற பொண்டாட்டிங்க. நான்தான் வாரிசு."

"பயனாளி இறந்தாத்தான் வாரிசு. பயனாளி இருக்காங்க."

பூபதிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"அது அவ பேச்சை வெச்சுச் செஞ்சதுதானுங்க."

"தீர்ப்புல பயனாளின்னு அவங்க பேர்தான் இருக்கு. அறுபது வயது தாரணி. உங்க மனைவி அவங்க பராமரிப்புல இருந்தவங்க. பராமரிப்பு முடிஞ்சுது. அவ்வளவுதான்."

"இவ செத்த பொறவு அவளுக்கு எப்படிங்க அறுபது வயசாகும்?"

அந்தப் பெண் அதற்கு ஏற்கனவே பலமுறை பதில் சொல்லியிருந்தாள். அது அவள் முகத்தில் தெரிந்தது. "அவங்களுக்கு ஏற்கனவே அறுபது சார்."

"எத்தனை வயசு வரைக்கும் இருப்பாங்க?"

"எண்பத்தி மூணு வரைக்கும்னு கணக்கு. நல்லா இருந்தா நீட்டிப்போம்."

"அந்தப் பணத்தை வெச்சுக்கிட்டு அவங்க என்னங்க பண்ணுவாங்க? சோறு திங்க மாட்டாங்க. சீலை கட்ட மாட்டாங்க."

"அவங்களை நடத்தற செலவு இருக்கு. சர்வர், கரன்ட். நிர்வாகக் கட்டணம். வக்கீல் பங்கு. வருஷா வருஷம் தணிக்கை. மீதியை முதலீடு பண்றோம்."

"யாருக்காக?"

"அவங்களுக்காக."

பூபதி தண்ணீரைக் குடித்தான். வெளியே கண்ணாடிக்கு அப்பால் நிறையப் பேர் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் இளைஞர்கள். நன்றாகச் சாப்பிடுகிறவர்கள். அவர்களில் யாரையும் அவனுக்கு வெறுக்கத் தோன்றவில்லை.

"அவங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றான். "இவ போயிட்டது."

சம்யுக்தா பேனாவை மூடினாள். "அதைப் பத்திப் பேசத்தான் நானே உங்களைக் கூப்பிடறதா இருந்தேன். தெரியாது. தெரியக் கூடாது. தெரிஞ்சா அவங்களால அதைச் சேர்த்துக்க முடியாது. ரெண்டு மூணு பேருக்கு இப்படி ஆயிருக்கு. நின்னுடறாங்க. திரும்ப எழுப்ப முடியறதில்லை."

"நின்னா பணம்?"

"பொது நிதிக்குப் போகும். உங்களுக்கு வராது."

அவன் சான்றிதழை மடித்துப் பாக்கெட்டில் வைத்தான்.

"அவங்க உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க சார். வீட்டுல யாரும் பேசறதில்லைன்னு. குடும்பத்தோட பேச்சு நின்னுட்டா அவங்க முடிவுகள் தடுமாறுது. அது கணக்குக்கு நல்லதில்லை. அதனால நிறுவனம் ஒரு ஏற்பாடு வெச்சிருக்கு. வாரத்துக்கு ஒருதடவை நீங்க பேசணும். சாதாரணமா, வீட்டுல பேசற மாதிரி. அதுக்கு மாசம் ஒரு தொகை உண்டு."

"யாரு பணத்துல இருந்து?"

"அவங்க பணத்துல இருந்துதான்."

தொகையைச் சொன்னாள். ஆக்சிஜன் மிஷினுக்காக வாங்கிய கடனுக்கு மாதம் கட்ட வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம். பூபதி சரி என்றான். சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்தான். அந்தப் பெண் அவனை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். "தைரியமா இருங்க சார்" என்றாள். அவள் மனதாரத்தான் சொன்னாள்.

முதல் வாரம் பேசியபோது அவன் அதிகம் பேசவில்லை. மூத்தவள் வெங்காயம் விலை கேட்டாள், சொன்னான். அடுத்த வாரம் கம்பெனியில் புது கட்டிங் மிஷின் வந்திருப்பதைச் சொன்னான். ஆள் வைக்காமல் அதுவே வெட்டுகிறது என்றான். உங்களை நிறுத்திவிடுவார்களா என்று கேட்டாள். தெரியவில்லை என்றான். அவள் கவலைப்பட்டாள். உடம்பை வருத்திக்கொள்ள வேண்டாம் என்றாள். தாரணி அதை இதே மாதிரிதான் சொல்லியிருப்பாள். இதைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்திருப்பாள், நடுநடுவே நிறுத்தி.

பாய்லர் வெடிப்பதற்கு முன்னால் அவள் எப்படிப் பேசினாள் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. இப்போது ஞாபகம் வந்தது. அதனால் அவன் மூன்றாவது வாரம் அவள் கூப்பிடும் வரை காத்திருக்காமல் தானே கூப்பிட்டான்.

மாலை. வரிசை வீடுகளில் விளக்கு போட்டிருந்தார்கள். ஜோதிமணி தண்ணீர்த்தொட்டியருகே யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அவன் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான்.

"சொல்லுங்க மாமா."

"சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மாவா? அதிசயமா இருக்குது." சிரித்தாள். சிரிப்பு எதிலும் தடுக்காமல் முடிந்தது. "மழை வருதா அங்க?"

"வர்ற மாதிரி இருக்குது."

"துணியெல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்துட்டேன்."

"நீங்களா எடுத்தீங்க?"

"ம்."

பூபதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். போனில் அவள் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அது எப்போதுமே கேட்காது.

"மாமா, ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லோணும்."

"கேளு."

"அந்த ஆபரேஷனுக்குக் குடுக்கலைன்னு அவளுக்கு இன்னும் என்மேல கோவமா? போனைக் கொஞ்சம் அவகிட்டக் குடுங்களேன்?"